கடுக்காவளவின் ஊர்வாய்

மேலே போகிற ஜீப் இப்போதைக்கு வராது, சார். டிரைவருக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தைரியம் வராமல் அவன் இரண்டாவது தட்டுக் கேசரியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பான். சரி, அப்படிப் பார்க்காதீர்கள். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். டீசல் போடப் போயிருக்கிறான், வந்துவிடுவான். காத்திருக்கிற மனிதனுக்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் இல்லையா? என்னிடம் கொடுப்பதற்கு இருப்பது இதுதான்.

டீக்கடைக்காரரிடம் விசாரித்தீர்களே, மேலே கடுக்காவளவு என்று ஒரு ஊர் இருந்ததாமே, அதன் பழைய கதை தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று. அவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டுச் சிரித்தார், கவனித்தீர்களா? அந்தச் சிரிப்பை விட்டுத் தள்ளுங்கள். அவர் கீழ்நாட்டுக்காரர். கடுக்காவளவைப் பற்றி வெளியாளிடம் பேச இந்த உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் பாத்தியதை உண்டு. அது நான். சடையாண்டி என்று பெயர். அந்த ஊருக்கு நான்தான் ஊர்வாய்.

ஊர்வாய் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வளவு என்றால் எங்கள் மலையில் சின்ன ஊர். நடுவில் ஒரு பெரிய கடுக்காய் மரம், அதைச் சுற்றி முப்பது கூரை, சரிவில் சாமைக் கொல்லை, கேழ்வரகுக் கொல்லை, அதற்கு அந்தப் பக்கம் காடு. முடிந்தது ஊர். அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு. வெளியாள் வந்தால் ஒருவன்தான் பேச வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. தண்ணீர் கேட்டால் தண்ணீர் கொடுப்பார்கள், படுக்க இடம் கேட்டால் பாயை விரிப்பார்கள், இந்தப் பாதை எங்கே போகிறது என்று கேட்டால் பேசாமல் என் வீட்டுப் பக்கம் கையை நீட்டுவார்கள். மீறிப் பேசினால் சாமிக்கு ஒரு கோழி அபராதம். அப்படிப் பேசுகிற ஒருவன்தான் ஊர்வாய். என் தாத்தா இருந்தார், அப்புறம் அப்பா, அப்புறம் நான்.

ஊர்வாய்க்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவன் வெளியாளிடம் உள்ளதைச் சொல்லக் கூடாது.

சிரிக்கிறீர்கள். அப்படியானால் இப்போது நான் சொல்வது எந்த வகை என்றுதானே? அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஊர் இருந்தபோது, சார். ஊரே போன பிறகு வாய்க்கு என்ன கட்டுப்பாடு.

எல்லாம் எங்கள் குழிமேட்டுக்காக வந்தது. எங்கள் ஆட்கள் செத்தால் எரிப்பதில்லை. ஊருக்கு மேற்கே ஒரு மேட்டில் புதைப்போம். செத்தவருக்கு யார் நெருக்கமோ அவர் ஆற்றில் இறங்கி ஒரு கல்லைத் தேர்ந்தெடுப்பார். அதைச் சுமந்துவந்து தலைமாட்டில் நடுவோம். பெயர் எழுதுவதில்லை. ஆனால் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இது இன்னாருடைய கல் என்று சொல்லும். நட்ட கல்லில் இரும்பு படக் கூடாது. சுற்றிலும் புல் முளைத்தால் கையால்தான் பிடுங்குவோம். அரிவாளைக் கீழே தாழ்வாரத்திலேயே வைத்துவிட்டுத்தான் மேட்டுக்கு ஏறுவோம். இரும்பு பட்டால் உள்ளே இருப்பவர் எழுந்து போய்விடுவார். போனவர் திரும்ப மாட்டார். அப்புறம் அது வெறும் கல்.

எந்தக் காலத்திலோ ஒரு வெளியாள் விருந்தாளியாக வந்தானாம். நம்பி, குழிமேட்டைக் காட்டினார்களாம். கை நனைத்துவிட்டுப் போனவன் அடுத்த மாசம் கடப்பாரையோடு வந்தான். பிணத்தின் கால் விரலில் கிடந்த வெள்ளி மெட்டிவரைக்கும் எடுத்துக்கொண்டு போனான் என்று சொல்வார்கள். அதற்கப்புறம்தான் ஊருக்கு ஒரே வாய் என்று வைத்தது. அந்த வாய் எதை வேண்டுமானாலும் பேசலாம், குழிமேட்டைத் தவிர.

என் தாத்தா சாதாரண ஆள் இல்லை, சார். மலையை அளக்க ஒரு துரை வந்தான். சங்கிலி, கொடி, குதிரை, எல்லாம். தாத்தா அவனிடம், இந்த மலை வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும், ஆகவே இரண்டு காலத்திலும் அளந்து நடுவாந்தரமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். துரை நல்லவன், நம்பிவிட்டான். கோடையில் அளந்தான். மழையில் அட்டைக்கடியில் ரத்தம் சொட்டச் சொட்ட மறுபடி அளந்தான். மழையில் சங்கிலி பிடிக்கிறவர்கள் ஒழுங்காகவா பிடிப்பார்கள்? இரண்டு அளவும் ஒத்துவரவில்லை. மலை உப்புகிறது என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டான். அவனுக்கு மலைக்காய்ச்சலில் புத்தி பேதலித்துவிட்டது என்று கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

அப்பா காலத்தில் புதையல் தோண்டுகிறவர்கள் வந்தார்கள். அப்பா அவர்களுக்கு ஒரு பாறையைக் காட்டி, அதன் அடியில் ஏழு ஆள் ஆழத்தில் பொன் கொப்பரை இருப்பதாகச் சொன்னார். பாவம், இராப்பகலாகத் தோண்டினார்கள். தண்ணீர்தான் வந்தது. அவர்கள் அழுதுகொண்டே போனார்கள். அந்தக் கிணற்றில்தான் ஊரே கடைசிவரை குடித்தது. எவ்வளவு கோடையிலும் வற்றாது.

நான் இவர்கள் இரண்டு பேரையும்விடக் கொஞ்சம் மேல் என்று ஊரில் சொல்வார்கள். நானாகச் சொல்லக் கூடாது. ஆள் முகத்தைப் பார்த்தால் அவருக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு பேராசிரியர் வந்தார். அவருக்கு ராஜாக்கள் என்றால் ஆசை. ஒரு ராஜாவின் படைக்குச் சமைக்க வந்தவர்கள் உப்புத் தேடிப் போய் வழி தவறினார்கள், அந்தச் சமையல்காரர்களின் வம்சம்தான் நாங்கள் என்றேன். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டார். கடற்கரை ஊரிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருக்கு, நாங்கள் கடலிலிருந்து நடந்தே வந்தவர்கள் என்று சொன்னேன். ரேஞ்சருக்கு வேறு. போன பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்று அழுது காட்டினேன். இரக்கப்பட்டு அந்த வருஷம் விறகுக்கு விட்டார். பொருத்தமாகச் சொல்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

என்னுடைய பொய் செல்லாத ஒரே ஆள் என் வீட்டுக்காரி அரும்பாயி. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "சரி, அப்புறம்?" என்பாள். அதற்கப்புறம் என்னத்தைச் சொல்வது. ஒரு ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, நாலு பேர் சுமந்து இந்த அடிவாரத்துக்கு இறக்கினோம். பாதி வழியிலேயே திரும்பினோம். போகும்போது முனகிக்கொண்டே வந்தாள், திரும்பும்போது முனகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பாரம் ஒன்றுதான். அவளுக்கும் குழிமேட்டில் நான் தூக்கிவந்த ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. இருந்தது.

அப்புறம் அந்தச் சட்டம் வந்தது.

காட்டுக்குள் குடியிருக்கிறவர்கள் மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பதைக் காட்டினால் வீடும் கொல்லையும் அவர்களுக்கே சொந்தம். காட்ட முடியாவிட்டால் இறங்க வேண்டும். எனக்கு இதை விளக்கிச் சொன்னது பொன்னுருவி. என் அண்ணன் மகள். அண்ணன் செத்த பிறகு கீழே விடுதியில் தங்கிப் பன்னிரண்டு வரை படித்த பெண். எதையும் நேராகப் பேசுவாள். நேராகப் பேசுவது ஒரு குறைதான், ஆனால் தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை, யார் திருத்துவது.

எழுத்தில் எங்களுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. தாத்தா செய்த வேலை அப்படி. எழுத்து இல்லாவிட்டால் இரண்டு விஷயம் போதும் என்றாள் பொன்னுருவி. ஊரில் மூத்தவர் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். பழைய அடையாளம் ஒன்றைக் கண்ணால் காட்ட வேண்டும். மூத்தவன் நான். அடையாளம் குழிமேடு. அங்கே என் பாட்டனுக்குப் பாட்டன் கல்லே இருக்கிறது, பாசி ஏறி, பாதி மண்ணுக்குள் போய்.

விசாரணைக்கு வருகிற அன்று காலையில் அவள் வந்து என் எதிரில் குந்தினாள். "சித்தப்பா, இந்த ஒரு நாளைக்கு மட்டும் நெசத்தைச் சொல்லு. குழிமேட்டைக் காட்டிரு. பார்த்துட்டுப் போயிருவாங்க" என்றாள்.

சரி என்றுதான் தலையாட்டினேன். சத்தியமாகக் காட்டத்தான் நினைத்தேன். ஆனால் அவர்கள் வந்து நின்றபோது பாருங்கள், ரேஞ்சர், ஒரு தாசில்தார், ஒரு இன்ஜினியர், எல்லோர் காலிலும் பூட்ஸ். அந்தப் பூட்ஸைப் பார்த்ததும் என் கால் தானாகக் கிழக்கே திரும்பிவிட்டது. ஓடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கல் குவியல் சரிந்து கிடக்கும். அதைக் காட்டி, இதுதான் எங்கள் முன்னோர் உறங்குகிற இடம் என்று ஆரம்பித்தேன். நன்றாக வந்தது, சார். தாசில்தார் பூட்ஸைக் கழற்றுகிற மாதிரி குனிந்துவிட்டார்.

அந்த இன்ஜினியர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இது நாங்க கட்டுன தடுப்பணைங்க. வெள்ளத்துல சரிஞ்சுபோச்சு" என்றார்.

எங்கள் முன்னோர் கைவேலை அவ்வளவு நேர்த்தி, அரசாங்க வேலை மாதிரியே தெரியும் என்று உடனே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ரேஞ்சர் மட்டும் சிரிக்கவில்லை. பஞ்சத்தில் வந்தோம் என்று என்னிடம் சொன்னீர்களே என்று கேட்டார். ஒருவர் இரக்கப்பட்டுச் செய்ததை இப்படிச் சபையில் சொல்லிக்காட்டலாமா? எனக்கு அவர் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது.

ஊர் ஆட்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை. அவ்வளவு ஒழுங்கு. பொன்னுருவிகூட அன்றைக்குக் கட்டுப்பாட்டை மீறவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். குழிமேட்டின் பக்கம் ஒரு பூட்ஸ் படாமல் காப்பாற்றி அனுப்பிவிட்டேன்.

மனு தள்ளுபடி என்று வந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை, மேல்முறையீட்டில், சப்-கலெக்டர் அம்மாவே நேரில் வந்து பார்ப்பார். அதோடு முடிந்தது என்றார்கள்.

அதற்கு நடுவில் ஊர் என் முதுகுக்குப் பின்னால் ஒரு காரியம் செய்தது. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கடுக்காய் மரத்தடியில் கூடி, இந்த ஒரு முறை பொன்னுருவி பேசட்டும், குழிமேட்டைக் காட்டட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஊர் மூப்பர் மாதேசன், என் கூடப் பிறக்காத தம்பி மாதிரி இருந்த மனுஷன், அவரும் சரி என்றிருக்கிறார். ஒரே நிபந்தனை, கண்ணால் பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், தொடக் கூடாது. பொன்னுருவியும் ஒத்துக்கொண்டாள்.

என்னை எப்படி அப்புறப்படுத்தினார்கள் தெரியுமா? அடுத்த மலையில் என் மைத்துனன் ஒருவன், சின்னத்தீர்த்தன். அவன் செத்துக்கொண்டிருக்கிறான், கடைசியாக உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறான் என்று சொல்லி அனுப்பினார்கள். பதறி அடித்துக்கொண்டு போனேன். போனால், செத்துக்கொண்டிருக்கிறவன் வாசலில் கோடரியால் மரம் பிளந்துகொண்டிருக்கிறான். "வா மாமா, என்ன இந்தப் பக்கம்" என்கிறான்.

என்னிடமே பொய் சொல்லியிருக்கிறார்கள், சார். என்னிடம். அதுவும் எவ்வளவு மட்டமான பொய். சாகிறவனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டாமா? படுக்கையில் ஒரு பாயாவது போட்டுவைக்க வேண்டாமா? அவன் கொடுத்த கூழைக்கூடக் குடிக்காமல் திரும்பினேன். எதற்காக இந்த வேலை என்று நடக்க நடக்க எனக்குப் புரிந்துவிட்டது. அதிகாரிகள் வருகிற நேரத்தில் ஊர் வாயில்லாமல் நிற்கிறது. கரடிச் சரிவு வழியாகக் குறுக்கே விழுந்தேன். ஆடு இறங்க யோசிக்கிற வழி அது. ஒரு கரடிகூட எதிரில் வந்தது, என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டது. அது வேண்டாம், கரடி வரவில்லை. ஆனால் வேகமாகத்தான் வந்தேன்.

குழிமேட்டுக்கு நேராக மேலே வந்து சேர்ந்தேன். கீழே ஊரே நிற்கிறது. சப்-கலெக்டர் அம்மா சின்ன வயசு, தொப்பி போட்டிருந்தார், முகம் வெயிலில் சிவந்திருந்தது. மலையடிவாரத்திலிருந்து நடந்தே ஏறியிருக்கிறார், அதைச் சொல்ல வேண்டும், நல்ல பெண். பொன்னுருவி ஒவ்வொரு கல்லாகக் காட்டிக்கொண்டு போகிறாள். இது என் அப்பன், இது தாத்தன், இது தாத்தனைப் பெற்றவள். அழகாகத்தான் சொன்னாள். என் ரத்தம்தானே. அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்கிறார். ரேஞ்சர் முகம் சுருங்கிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் முடிந்திருக்கும்.

கூட வந்த அளவைக்காரன் ஒருவன் கடப்பாரை கொண்டுவந்திருந்தான். கல் எவ்வளவு ஆழம், எவ்வளவு பழசு என்று பார்க்க வேண்டுமாம். யாரையும் கேட்கவில்லை. பேச்சில் யாரும் அவனைக் கவனிக்கவும் இல்லை. ஓரமாக, கைக்கு எட்டின கல் எதுவோ அதனிடம் போனான். கடைசி வரிசையில் கடைசிக் கல். மண்ணில் முனையைக் குத்தி நெம்பத் தோது பார்த்தான்.

அது அரும்பாயி கல்.

"தம்பி, கம்பியை எடு. அடியில ஒண்ணும் கிடையாது" என்றேன்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் இறங்கி வந்தேன். நீங்கள் யார் என்று அம்மா கேட்டார். ஊரில் மூத்தவன் என்றேன். அவன் கம்பியை எடுக்கவில்லை. முனை மண்ணுக்குள்ளேயே இருந்தது. கல்லுக்கும் அதற்கும் ஒரு விரல்கடை இருக்கும். என் வாய்க்கு வேறு எதுவும் தோன்றவில்லை, சார். இந்த வாய்க்கு எது வருமோ அது வந்தது.

"இந்தக் கல்லெல்லாம் சும்மா, தாயி. போன மாசம் ஆத்துலருந்து தூக்கியாந்து நட்டது. உங்க கண்ணுக்குக் காட்டறதுக்காக. உள்ள ஆளும் இல்லை, எலும்பும் இல்லை. எதுக்கு வெயில்ல தோண்டறீங்க."

கம்பி மேலே வந்தது.

பொன்னுருவி பாய்ந்து வந்தாள். "பொய் சொல்றாரும்மா. எங்க சித்தப்பாதான். இவரு வாயைத் தொறந்தாலே பொய்தான்" என்றாள். ரேஞ்சர் மெதுவாக, போன தடவை இவர் சொன்னதும் பொய் என்று மேல்முறையீட்டில் எழுதினீர்கள், இப்போது சொல்வதும் பொய் என்கிறீர்கள், ஊரில் மூத்தவர் பேச்சில் எதைத்தான் எடுத்துக்கொள்வது என்று கேட்டார்.

சப்-கலெக்டர் அம்மா அவசரப்படவில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. இதெல்லாம் போன மாசம் நட்ட கல்லா?" என்று கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை.

ஊர்வாய் பேசிவிட்டான், சார். வெளியாள் முன்னால் ஊர்வாய் பேசின பிறகு அதற்கு மேல் ஒரு சொல் விழுந்ததாக எங்கள் ஊரில் சரித்திரமே கிடையாது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மூப்பர் மாதேசன் என்னையே பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "வாயைத் தொறங்களேன், யாராச்சும் தொறங்களேன்" என்று பொன்னுருவி ஒவ்வொருவர் தோளாகப் பிடித்து உலுக்கினாள். அவர்கள் அவள் பிடித்த பக்கம் ஆடினார்கள், அவ்வளவுதான். கண் என் மேலேயே இருந்தது. நான் ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் முப்பது வீடும் பேசியிருக்கும். அது எனக்குத் தெரியும்.

கம்பி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

பொன்னுருவி அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். "நானே தோண்டிக் காட்டறேன். எங்கப்பன் கல்லையே தோண்டறேன். எலும்பு இருக்குதா இல்லையான்னு பார்த்துக்குங்க" என்று மேல் வரிசைக்கு ஓடினாள். அதுவரை அசையாமல் நின்ற ஊர் அப்போதுதான் அசைந்தது. ஆணும் பெண்ணுமாகக் கல்லுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். அவளுடைய அம்மாவே குறுக்கே விழுந்து கல்லைக் கட்டிக்கொண்டாள். மூப்பர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "இரும்பைக் கீழ போடு, கண்ணு" என்றார். வெளியாள் முன்னால் அவர் பேசினது அது ஒன்றுதான். அதற்கு ஒரு கோழி அபராதம். கடைசிவரை கட்டவில்லை.

தோண்டவிடாமல் ஊரே தடுக்கிறது என்றால் அதிகாரி என்ன நினைப்பார், சொல்லுங்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தள்ளுபடி என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். போகும்போது என் அருகில் வந்து, "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி பெரியவரே" என்று கும்பிட்டார்.

எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒருவர் நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

அந்தத் தை முடிவதற்குள் இறக்கிவிட்டார்கள். அதோ, கல் குவாரிக்குப் போகிற ரோட்டில் வரிசையாக வீடு தெரிகிறதே, அதுதான் இப்போது நாங்கள். பகலில் உள்ளே இருக்க முடியாது, அவ்வளவு சூடு. பாதிப் பேர் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். பொன்னுருவி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். பொங்கலுக்கு வருவாள். மூப்பர் வந்த முதல் கோடையிலேயே போய்விட்டார். பஞ்சாயத்துச் சுடுகாட்டில் எரித்தார்கள். மூன்றாம் நாள் சாம்பலைப் பார்த்துவிட்டு அவர் பெண்டாட்டி, இதில் எந்தப் பக்கம் தலை என்று கேட்டாள்.

ஊரில் யாரும் இப்போது என்னிடம் பேசுவதில்லை. நான் இருக்கிற இடத்தில் சத்தமே இருக்காது. மருமகள் தட்டை வைத்துவிட்டுப் போவாள், வேண்டும் வேண்டாம் என்று கேட்பதில்லை. இந்த டீக்கடைக்காரர் வேறு மாதிரி நினைக்கிறார். அவருக்கு எங்கள் பழக்கம் தெரியாது. ஊர்வாய் முன்னால் மற்றவர்கள் பேச மாட்டார்கள், சார். அது மரியாதை. கீழே இறங்கின பிறகும் அதை விடவில்லை பாருங்கள்.

குழிமேடு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அது பெரிய அதிசயம். நாங்கள் இறங்கின அன்று பெரிய மழை. அந்த மழையில் கல்லெல்லாம் எழுந்து நடந்தன. முதலில் கிழவர்கள் கல், பின்னால் பெண்கள் கல், குழந்தைகள் கல் நடுவில். வரிசையாக உள்காட்டுக்குள் போயின. போன தடம் அடுத்த நாள் காலை வரைக்கும் சேற்றில் இருந்தது. உள்காட்டில் எந்த அதிகாரியும் போக முடியாத ஒரு இடத்தில் இப்போது நின்றுகொண்டிருக்கின்றன. ஒரு தேன் எடுக்கிறவன் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

பொன்னுருவி வேறு மாதிரி சொல்கிறாள். என்னிடம் இல்லை, எனக்குக் கேட்கிற மாதிரி அவள் அம்மாவிடம். டிராக்டர் வந்ததாம். ஏமாற்றுவதற்காகப் போன மாசம் நட்ட கல் என்று ஊரின் மூத்தவரே சொல்லியாகிவிட்டதாம், பிடுங்கிப் போட யாரைக் கேட்க வேண்டும் என்றார்களாம். அந்தப் பெண்ணுக்கு எப்போதும் இப்படித்தான், ஒரு விஷயத்தை அழகாகச் சொல்ல வராது.

அதோ ஜீப் வருகிறது. நான் சொன்னேன் இல்லையா, டீசல் போடத்தான் போனான்.

ஏறுங்கள். ஒரே ஒரு விஷயம். முதல் வளைவில் காட்டிலாகா செக்போஸ்ட் வரும். புதுக் கட்டடம், பச்சைப் பெயின்ட் அடித்திருக்கும். இறங்கி உள்ளே போய்ப் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். வாசலுக்கு மூன்று படி. ஆற்றுக் கல்லைப் படுக்கப்போட்டு இடுக்கில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். நடுப்படி மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கறுப்பு. ஒரு ஓரத்தில் பெருவிரல் பதிகிற அளவுக்கு ஒரு குழி இருக்கும், தூக்கும்போது பிடித்துக்கொள்ள வாகாக இருக்கும்.

அதில் கால் வைக்காதீர்கள், சார். முதல் படியிலிருந்து மூன்றாவதற்குத் தாண்டி ஏறுங்கள். இறங்கும்போதும் அப்படியே. ஏன் இப்படி ஏறுகிறீர்கள் என்று அங்கே இருக்கிற வாட்ச்சர் கேட்டாலும் கேட்பான். ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளுங்கள். சட்டென்று வராவிட்டால் முட்டி வலி என்று சொல்லுங்கள். அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.